குழிக்கணக்கும் மலைச்சரிவும்

1. முன்னுரை

நிலத்தை அளத்தல் என்பது இரண்டு செயல்களின் தொகுப்பு ஆகும். கோலோ கயிறோ சங்கிலியோ கொண்டு நீளங்களைக் காண்பது முதற்செயல். அந்நீளங்களிலிருந்து பரப்பைக் கணக்கிட்டுக் காண்பது இரண்டாவது. முதற்செயல் கண்ணுக்குப் புலப்படும். அங்குப் பிழை நேர்ந்தால் அருகில் நிற்பார் எவரும் தடுத்து உரைக்கலாம். இரண்டாம் செயல் கணக்கன் மனத்துள் நிகழ்வது. அதன்கண் உள்ள குற்றம் ஏட்டில் ஏறிய பின்னரும் பல்லாண்டு மறைந்து கிடத்தல் கூடும். வரியும் விலையும் பாகப்பிரிவினையும் அவ்வேட்டையே பற்றி நிற்பதால், கணக்கு முறையின் இயல்பை உணர்தல் கணக்கர்க்கு மட்டுமன்றி நிலமுடையார் அனைவர்க்கும் உரிய கடமை ஆகும்.

தமிழ்நாட்டின் பழைய நிலக்கணக்கு பெரும்பாலும் ஆற்றுப்பாசனச் சமநிலங்களில் வளர்ந்தது. வரப்புகள் ஏறக்குறைய நேராகவும், மூலைகள் ஏறக்குறையச் செங்கோணமாகவும் அமைந்த வயல்களுக்கு அக்கணக்கு பொருந்தும். கல்வராயன் மலையின்கண் வெள்ளிமலையைச் சூழ்ந்த ஊர்களில் நிலத்தின் அமைப்பு வேறு. ஒருபுறம் ஓடை, ஒருபுறம் பாறை, ஒருபுறம் காடு என எல்லைகள் வளைந்து செல்லும்; நிலமும் மட்டமாக இராது, சரிந்து கிடக்கும். சமநிலத்துக் கணக்கை மலைநிலத்துக்கு அப்படியே கொள்ளின் என்ன நேரும், பிழை நேருமாயின் அஃது எப்பக்கம் சாயும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கோலும் குழியும்

நீள அளவைக்குக் கோல் அடிப்படை. பரப்பளவைக்குக் குழி அடிப்படை. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரமே ஒரு குழி. எனவே குழி எவ்வளவு என்னும் வினாவிற்கு, கோல் எவ்வளவு என்று அறிந்தன்றி விடை கூறல் இயலாது. கல்வெட்டுக்களில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் முதலிய பல கோல்கள் குறிக்கப்பெறுகின்றன. அளவுகோலின் நீளத்தைக் கோயிற் சுவரில் வெட்டி வைத்த வழக்கமும் உண்டு. ஐயம் நேர்ந்துழி அச்சுவரே சான்றாக நின்றது.

சாண் ஒன்றுக்கு 9 அங்குலம் எனக் கொண்டால் பதினாறு சாண் கோல் 12 அடியும், பன்னிரு சாண் கோல் 9 அடியும் ஆகும். முன்னதன் குழி 144 சதுர அடி. பின்னதன் குழி 81 சதுர அடி. கோலின் நீளம் நான்கில் ஒரு பங்கு குறைந்தபோது குழியின் பரப்பு பதினாறில் ஏழு பங்கு குறைந்துவிடுகிறது. ஒரு குழிக்கு இவ்வளவு என்று விதித்த வரியை மாற்றாமல் கோலை மட்டும் பதினாறு சாணிலிருந்து பன்னிரு சாணாகக் குறைப்பின், உழவன் செலுத்தும் வரி 16/9 மடங்காகும். அஃதாவது ஏறத்தாழ 78 விழுக்காடு கூடும். எந்தக் கோலால் அளக்கப்பட்டது என்பதைக் கல்வெட்டுக்கள் தவறாது குறித்துச் செல்வதன் காரணம் இதனால் விளங்கும். நீளத்தில் நேரும் சிறு மாற்றம் பரப்பில் ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றும் என்பது இங்கு உணரத்தக்க பொதுவிதி. நூறு அடிச் சங்கிலி ஓரடி குறைந்திருப்பின், பரப்பில் நேரும் பிழை ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு.

குழிக்கு மேற்பட்ட அளவுகள் மாவும் வேலியும் ஆம். 20 மா கொண்டது ஒரு வேலி. ‘மா’ என்பது இருபதில் ஒன்று என்னும் பின்னத்தின் பெயருமாகும். ஆதலின் நில அளவும் பின்ன அளவும் ஒரு பெயரால் வழங்கின. மாவிற்கு எத்தனை குழி என்பது நாட்டுக்கு நாடு வேறுபட்டது. 100 குழி கொண்ட மாவும், 128 குழி கொண்ட மாவும், 256 குழி கொண்ட மாவும் கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றன. இவற்றுள் 256 குழி மாவினை நோக்குக. அதன்படி ஒரு வேலி 5,120 குழி. வேலியில் எண்பதில் ஒன்றாகிய காணி 64 குழி. முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி 16 குழி. எனவே மா பதினாறு கோற் சதுரமும், காணி எட்டுக் கோற் சதுரமும், முந்திரி நான்கு கோற் சதுரமும் ஆகின்றன. பின்ன வாய்பாடும் நிலத்தின் வடிவமும் இவ்வாறு ஒன்றோடொன்று இயைந்து நிற்றல் கருதத்தக்கது. எண்சுவடியில் குழிமாற்று என்னும் பகுதி இடம்பெற்றதும் இத்தகைய கணக்கை மனப்பாடமாகச் செய்தற்பொருட்டேயாம்.

காணி என்னும் பெயர் தொண்டை நாட்டிலும் தென்னார்க்காட்டிலும் வேறோர் அளவையும் குறித்தது. 24 அடிச் சதுரத்தைக் குழி எனக் கொண்டு 100 குழியைக் காணி என்றனர். அது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். யாழ்ப்பாணத்திலோ ‘பரப்பு’ என்னும் பொதுச்சொல்லே ஓர் அளவின் பெயராயிற்று. 16 பரப்பு ஒரு ஏக்கர் எனக் கொள்வர். பெயர் ஒன்றாக இருப்பினும் அளவு ஒன்றாக இராது என்பதற்கு இவை போதிய சான்று.

இவ்வளவைகள் வரிக்கு மட்டும் பயன்பட்டன என்று கருதுதல் பொருந்தாது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் குடவோலைக்கு உரியார் தகுதியைக் கூறுகின்றன. கால் வேலிக்கு மேல் வரிசெலுத்தும் நிலம் உடைமை அத்தகுதிகளுள் ஒன்று. பரப்பைக் கணக்கிடும் முறையில் நேரும் சிறு வேறுபாடு, ஒருவன் பெயர் குடத்துள் இடப்படுமா என்பதையே முடிவு செய்திருக்கும்.

3. நாற்கோணப் புலமும் சராசரி முறையும்

நீள்சதுரத்தின் பரப்பு நீளத்தை அகலத்தால் பெருக்கி வருவது. நான்கு பக்கமும் வெவ்வேறான புலத்திற்கு என் செய்வது? எதிர்ப்பக்கங்கள் இரண்டினைக் கூட்டிப் பாதி கொள்க. மற்றை எதிர்ப்பக்கங்களையும் அவ்வாறே செய்க. இவ்விரு பாதிகளையும் பெருக்குக. இதுவே பண்டை நாள்தொட்டுப் பல நாடுகளிலும் பயின்ற முறை. எகிப்து நாட்டு எட்ஃபு கோயிற்சுவரில், தாலமி மன்னர் காலத்தில் பொறிக்கப்பட்ட நிலக்கொடைப் பட்டியலில் இம்முறையாற் கணித்த பரப்புகள் உள்ளன. அங்கு முக்கோண நிலத்தையும் நான்காம் பக்கம் இல்லாத நாற்கோணமாகவே கொண்டனர். நம் நாட்டு ஊர்க்கணக்கர் வழக்கிலும் இது நெடுங்காலம் நின்றது.

இது செம்மையான முறை அன்று என்பதை வானநூலாரும் கணிதநூலாரும் நன்கறிந்திருந்தனர். 628ஆம் ஆண்டில் பிரமகுப்தர் தம் நூலில் இதனைப் பருப்பொருளான கணக்கு என்று கூறி, நுண்கணக்கு வேறொன்றையும் தந்தார். நான்கு பக்கங்களின் கூட்டுத்தொகையிற் பாதியைக் கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழித்து, எஞ்சிய நான்கினையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பது அது. ஆயின் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மேல் அமைந்த நாற்கோணத்திற்கே அது மெய்யாகும். 1150ஆம் ஆண்டில் லீலாவதி இயற்றிய பாஸ்கரர், நான்கு பக்கங்களை மட்டும் கூறி நாற்கோணத்தின் பரப்பைக் கேட்பது பொருந்தாக் கேள்வி எனத் தெளிவுறுத்தினார். நான்கு மூங்கிற் கழிகளை முனையிற் கட்டி ஒரு சட்டம் செய்து அழுத்துவோமாயின் கழிகள் நீளம் மாறா. ஆனால் சட்டம் சாயச் சாய உள்ளடங்கிய பரப்பு சுருங்கும். பக்கங்கள் மட்டும் பரப்பை உறுதி செய்யா என்பது இதனால் பெறப்படும்.

சராசரி முறையின் பிழை எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். அ, ஆ, இ, ஈ என்னும் நான்கு மூலைகளை உடைய புலம் ஒன்று. அஆ 60 மீட்டர், ஆஇ 80 மீட்டர், இஈ 120 மீட்டர், ஈஅ 100 மீட்டர் என்க. எதிர்ப்பக்கங்களாகிய 60, 120 ஆகியவற்றின் பாதித்தொகை 90. 80, 100 ஆகியவற்றின் பாதித்தொகையும் 90. பெருக்க வருவது 8,100 சதுர மீட்டர்.

இனி அஇ என்னும் மூலைவிட்டத்தையும் அளந்து, அது 100 மீட்டர் எனக் கண்டோமாயின் புலம் இரண்டு முக்கோணங்களாகப் பிரியும். 60, 80, 100 என்னும் பக்கங்களை உடைய முக்கோணம் செங்கோண முக்கோணம். அதன் பரப்பு 2,400. மற்றையது 100, 120, 100 என்னும் பக்கங்களை உடையது, 120 மீட்டர் அடியாக நிற்ப அதன் உயரம் 80, பரப்பு 4,800. ஆகப் புலத்தின் மெய்ப்பரப்பு 7,200 சதுர மீட்டர். சராசரி முறை 900 சதுர மீட்டரை மிகையாகக் காட்டியது. இம்மிகை மெய்ப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு. ஏறத்தாழ 22 சென்டு. பிரமகுப்தர் முறையைக் கொள்ளின் ஏறத்தாழ 7,589 வரும். மூலைகள் ஒரே வட்டத்தில் அமையாமையால் அதுவும் மிகையே.

இம்முறை என்றும் மிகையாகவே காட்டுமா, சில இடங்களிற் குறைத்தும் காட்டுமா என்னும் ஐயம் எழலாம். என்றும் மிகையே என்பதை எளிதில் நிறுவலாம். ஒரு முக்கோணத்தின் இரு பக்கங்கள் தெரிந்திருப்பின், அதன் பரப்பு அவ்விரண்டின் பெருக்குத்தொகையிற் பாதிக்கு மேற்படாது. அவை செங்கோணத்திற் கூடும்போதே அப்பாதி நிறையும். மேற்காட்டிய புலத்தை அஇ வழியே பிரித்தால், பரப்பு 60, 80 ஆகியவற்றின் பெருக்கத்திற் பாதியும் 120, 100 ஆகியவற்றின் பெருக்கத்திற் பாதியும் சேர்ந்த 8,400க்கு மேற்படாது. ஆஈ வழியே பிரித்தால், 80, 120 ஆகியவற்றின் பெருக்கத்திற் பாதியும் 100, 60 ஆகியவற்றின் பெருக்கத்திற் பாதியும் சேர்ந்த 7,800க்கு மேற்படாது. இரண்டிற்கும் மேற்படாதது அவற்றின் நடுவெண்ணாகிய 8,100க்கும் மேற்படாதன்றோ? அந்நடுவெண்ணே சராசரி முறையால் வரும் தொகை. எப்புலத்திற்கும் இவ்வாறே அமையும். நான்கு மூலையும் செங்கோணமாயின் மட்டுமே சராசரி முறையும் மெய்யும் ஒன்றாகும்.

ஆகவே இப்பிழை தற்செயலாக இருபக்கமும் சாய்வதன்று. என்றும் ஒருபக்கமே சாய்வது. வரி வாங்குவானுக்கு மிகுதியையும் வரி கொடுப்பானுக்குக் குறைவையும் தருவது. நிலம் விற்பானுக்கு ஆக்கமும் கொள்வானுக்கு இழப்பும் தருவது. பழங்கணக்கர் இதனை அறியாமல் கொண்டனர் எனல் பொருந்தாது. எதிர்ப்பக்கங்கள் ஒத்து, மூலை 90 பாகைக்கு மாறாக 80 பாகையாகச் சாய்ந்த வயலில் இம்முறையின் மிகை நூற்றுக்கு ஒன்றரை அளவே. ஆற்றுவெளி வயல்களுக்கு அஃது பொறுக்கத்தக்கது. மலைப்புலங்களுக்கோ அது பொறுக்கத்தக்கதன்று.

4. மூலைவிட்டமும் குத்தளவும்

இக்குறை நீங்குதற்கு வழி, புலத்தை முக்கோணங்களாகப் பிரித்தலே. முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் தெரிந்துவிட்டால் அதன் வடிவம் அசையாது, பரப்பும் மாறாது. தமிழ்நாட்டில் நில அளவைத் துறையின் புலப்படங்கள் மூலைவிட்டத்தையும் அதிலிருந்து மூலைகளுக்கு எடுத்த குத்தளவுகளையும் கொண்டே வரையப்பெறுவன. மூலைவிட்டம் 100 மீட்டர். அதிலிருந்து ஆ என்னும் மூலைக்குக் குத்தளவு 48, ஈ என்னும் மூலைக்குக் குத்தளவு 96 எனின், இரண்டையும் கூட்டி 144 ஆக்கி, மூலைவிட்டத்தாற் பெருக்கிப் பாதி கொள்ள, 7,200 என்னும் அதே விடை வரும். வழி வேறாயினும் விடை ஒன்றாதல் அளவையின் செம்மைக்குச் சான்று.

ஓடைக்கரை போன்ற வளைந்த எல்லைக்கும் குத்தளவே துணை. மேற்கண்ட புலத்தில் ஆஇ என்னும் 80 மீட்டர்ப் பக்கத்திற்கு அப்பால் ஓடை வெளிப்புறமாக வளைந்து செல்கிறது என்க. அப்பக்கத்தின்மேல் 20 மீட்டருக்கு ஒன்றாகக் குத்தளவு எடுக்க 0, 6, 10, 8, 0 என வருமாயின், இடையிடையே அமையும் துண்டுகளைச் சரிவகங்களாகக் கொள்ளலாம். அவற்றின் பரப்பு இடைக்குத்தளவுகளின் தொகையாகிய 24ஐ 20ஆல் பெருக்கிய 480 சதுர மீட்டர். வளைவு வெளிப்புறமாகப் புடைத்திருப்பின் நேர்க்கோடுகள் அதனுள் அடங்குவதால் இக்கணக்கு சிறிது குறைத்துக் காட்டும். உட்புறமாக வளைந்திருப்பின் மிகுத்துக் காட்டும். குத்தளவுகளை நெருக்கமாக எடுக்க எடுக்க இப்பிழை தேயும்.

சுற்றளவைக் கொண்டு பரப்பை மதிப்பிடும் வழக்கம் இன்னும் சிற்றூர்களில் உண்டு. சுற்றிவர இத்தனை கவடு, ஆதலின் இத்தனை ஏக்கர் என்பர். 360 மீட்டர்ச் சுற்றளவு உடைய சதுரத்தின் பரப்பு 8,100; நம் புலத்தின் சுற்றளவும் அதே 360, பரப்போ 7,200; அதே சுற்றளவில் 170 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடைய ஓடைக்கரைத் துண்டின் பரப்பு 1,700 மட்டுமே. சுற்றளவு வேலியிடுவார்க்குப் பயன்படுவது; பரப்பறிவார்க்கு அது வழிகாட்டாது.

5. வட்டம்

களமும் கிணறும் குளமும் வட்ட வடிவின. அரைச்சுற்றளவை அரைவிட்டத்தாற் பெருக்க வட்டத்தின் பரப்பு வரும் என்பதை 499ஆம் ஆண்டில் ஆரியபடர் கூறினார். காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகாரமும் இவ்விதியைத் தமிழ்ச் செய்யுளில் அமைத்துத் தந்தது. விதி முற்றும் மெய்யானது. வட்டத்தை நடுவிலிருந்து மெல்லிய பல துண்டுகளாக வெட்டி, ஒன்றை மேல்நோக்கியும் ஒன்றைக் கீழ்நோக்கியும் மாறிமாறி அடுக்கினால், அரைச்சுற்றளவு நீளமும் அரைவிட்டம் அகலமும் உடைய நீள்சதுரத்தை ஒத்த வடிவம் தோன்றும். விதியின் காரணம் இதுவே.

சுற்றளவைக் கயிற்றால் நேரே அளப்பின் குறையில்லை. விட்டத்திலிருந்து சுற்றளவைக் கணக்கிடும்போதே வேறுபாடு நுழைகிறது. ஆரியபடர் விட்டம் 20,000க்குச் சுற்றளவு 62,832 என்றார். இது நான்கு பதின்மத் தானம் வரை செம்மையானது. கணக்கதிகாரத்தின்படி விட்டத்தை மூன்றே நான்மாவாற் பெருக்கச் சுற்றளவு வரும். நான்மா என்பது ஐந்தில் ஒன்று. 14 மீட்டர் விட்டமுள்ள களத்திற்கு இம்முறையிற் சுற்றளவு 44.8, பரப்பு 156.8. மெய்ப்பரப்பு ஏறத்தாழ 153.9. மிகை நூற்றுக்கு இரண்டிற்கும் சற்றுக் குறைவு. பின்ன வாய்பாட்டில் எளிதில் அடங்குதல் பற்றி இவ்வெண்ணைக் கொண்டனர் போலும். இங்கும் பிழை மிகையின் பக்கமே சாய்தல் காண்க.

6. சரிவு

இதுகாறும் நிலம் மட்டமானது என்று கொண்டோம். வெள்ளிமலைப் பகுதியில் அக்கொள்கை பெரிதும் பொருந்தாது. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் கொல்லைகள் பல சரிவின்மேலேயே கிடக்கின்றன. அங்கு ‘இந்நிலத்தின் பரப்பு யாது?’ என்னும் வினாவே இருபொருள் படுகின்றது. நிலத்தின் தோலை ஒட்டிக் கயிற்றைக் கிடத்தி அளந்து காண்பது சரிவுப்பரப்பு. அந்நிலத்தை மேலிருந்து நேர்கீழாக நோக்கின் எவ்வளவு இடத்தை அடைத்திருக்குமோ அது மட்டப்பரப்பு. நில அளவைத் துறையின் படமும் பதிவேடும் மட்டப்பரப்பையே கொள்வன. செயற்கைக்கோள் படத்திற் காண்பதும் மட்டப்பரப்பே.

இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு எளியது. சரிவின் வழியே 13 மீட்டர் இறங்கும்போது உயரம் 5 மீட்டர் குறையுமாயின், மட்ட நீளம் 12 மீட்டர். சரிவுக்குக் குறுக்கே அளக்கும் நீளம் மாறுவதில்லை. ஆதலின் ஒரே சீரான அச்சரிவில் எவ்வடிவ நிலமாயினும் மட்டப்பரப்பு சரிவுப்பரப்பில் 12/13 பங்கு ஆகும். சரிவின் வழியே 5 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்கும் செங்குத்தான இடத்தில் மட்டப்பரப்பு 4/5 பங்கே. அத்தகைய இடத்தில் பதிவேட்டில் 4 ஹெக்டேர் உடையவன், மண்வெட்டியால் கொத்த வேண்டிய மண்ணின் பரப்போ 5 ஹெக்டேர்.

மட்டப்பரப்பைக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. மழை மேலிருந்து விழுவது; ஒரு நிலம் ஏற்கும் மழையின் அளவை அதன் மட்டப்பரப்பே முடிவு செய்யும். மரமும் பயிரும் சரிவுக்குச் செங்குத்தாக வளர்வதில்லை, வானோக்கி நேராக வளர்வன. ஆதலின் அவற்றிற்கு வேண்டும் இடமும் மட்டத்திலேயே அமையும். சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமன்செய்தால், படிகளின் அகலங்கள் அனைத்தையும் கூட்டக் கிடைப்பது மட்ட நீளமேயன்றிச் சரிவு நீளமன்று. ஆயினும் கொத்துவோர் உழைப்பும் களையெடுப்போர் உழைப்பும் சரிவுப்பரப்பைப் பற்றியன. நிலத்திற்கு மட்டப்பரப்பும் உழைப்பிற்குச் சரிவுப்பரப்பும் அளவாதலே முறை. பதிவேட்டுப் பரப்பைக் கொண்டு கூலி கணக்கிடின் உழைப்பாளர்க்கு இழப்பு நேரும்.

மட்ட நீளத்தை அளத்தற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. நாடாவின் ஒரு முனையை மேட்டில் தரையோடு பொருத்தி, மறுமுனையைப் பள்ளத்தின்பக்கம் இழுத்து, ரசமட்டத்தால் நாடா மட்டமாக உள்ளதைப் பார்த்து, அம்முனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொடும் இடத்தைக் குறித்துக்கொள்க. அக்குறியிலிருந்து மீண்டும் அவ்வாறே அளந்து இறங்குக. படிக்கட்டில் இறங்குவது போன்ற இம்முறையில் வரும் துண்டு நீளங்களின் தொகையே மட்ட நீளம். கொத்தனார் கையிலுள்ள கருவிகளே இதற்குப் போதும்.

7. பரப்பும் உரிமையும்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று சாகீர்தாரர் ஆட்சியில் இருந்து, 1976ஆம் ஆண்டில் அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தது. தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த கள்ளக்குறிச்சிப் பகுதி 1993இல் விழுப்புரம் மாவட்டத்திற்கு உரியதாகி, 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. வெள்ளிமலை இன்று கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம். இங்கு வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளிப் பழங்குடியினர். அவர்தம் உழவு நிலத்திற்கும் காட்டிற்கும் இடைப்பட்ட எல்லை யாது என்பது இம்மலையின் நெடுநாள் வினா.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்னர் காட்டுநிலத்திற் பயிர்செய்து வந்த பழங்குடியினர்க்கு அந்நிலத்தின்மேல் உரிமை வழங்குகிறது. மெய்யாகக் கைக்கொண்டுள்ள பரப்பு அளவிற்கே உரிமை உண்டு. எவ்வகையானும் அது 4 ஹெக்டேருக்கு மேற்படலாகாது. உரிமைச் சீட்டு கணவன் மனைவி இருவர் பெயரிலும் அமையும். வழிவழி எய்தும், ஆயின் விற்றற்குரியதன்று. கோரிக்கைகளை ஆராய்வதற்குக் கிராம சபை 10 முதல் 15 உறுப்பினர் கொண்ட வன உரிமைக் குழுவை அமைத்தல் வேண்டும். அக்குழு நிலத்தை நேரிற் கண்டு, எளிதில் அறியத்தக்க அடையாளங்களுடன் ஒவ்வொரு கோரிக்கைக்கும் உரிய பரப்பை வரைந்து காட்டுதல் வேண்டும். செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாமேயன்றி அவற்றிற்கு மாற்றாகாது என 2012ஆம் ஆண்டின் திருத்த விதிகள் கூறுகின்றன. ஆகவே ஊரார் தாமே அளந்து வரையும் படம் சட்டத்தின் முன் மதிப்புடையது.

இங்குக் கணக்கு முறை தவறின் விளைவு யாதாகும்? குடும்பம் ஒன்று தன் கொல்லையைக் கயிற்றால் தரையோடு ஒட்டி அளந்து 4.2 ஹெக்டேர் எனக் கண்டது என்க. வரம்பைக் கடந்துவிட்டோம் என்று அஞ்சி, ஓரத்துத் துண்டைக் கோரிக்கையிலிருந்து தாமே விட்டுவிடக் கூடும். ஆயின் நிலம் 13க்கு 5 இறங்கும் சரிவாக இருப்பின், அதன் மட்டப்பரப்பு ஏறத்தாழ 3.88 ஹெக்டேரே. கோரத்தக்கது முழுவதும் கோரத்தக்கதே. இதனொடு சராசரி முறையின் மிகையும் சேருமாயின், இல்லாத நிலம் ஏட்டில் மேலும் பெருகும். பின்னர் மேலலுவலர் அளக்கும்போது பரப்புக் குறைந்து தோன்றும். கோரிக்கையே பொய்யானது என்னும் ஐயத்திற்கும் அஃது இடந்தரும். கருவி வேறு, முறை வேறு என்னும் காரணத்தால் நேர்ந்த வேற்றுமை, நேர்மையின் குறையாகக் கருதப்படுதல் தகாது.

கையடக்கக் கருவியால் செயற்கைக்கோள் வழி இடமறிந்து மூலைகளைக் குறிக்கும் முறை இக்காலத்துப் பெருகியுள்ளது. அது மட்டப்பரப்பையே தருவதால் சரிவின் பிழை அதற்கில்லை. எனினும் அத்தகைய எளிய கருவிகள் ஒவ்வொரு மூலையிலும் சில மீட்டர் பிழைபடக் கூடும். மரச்செறிவும் மலைமுகடும் வானை மறைக்கும் இடத்தில் அப்பிழை மிகும். 7,200 சதுர மீட்டர் உடைய நம் புலத்தின் சுற்றெல்லை முழுதும் ஒரு மீட்டர் உள்ளே தள்ளிக் குறிக்கப்படின், ஏறத்தாழ 360 சதுர மீட்டர் குறையும். அஃது இருபதில் ஒரு பங்கு, பழைய பெயராற் கூறின் ஒரு மா. சிறு நிலத்திற்குக் கருவியின் விடையை நாடாவின் விடையோடு ஒப்புநோக்கிக் கொள்வதே தக்கது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நாற்கோணத்தின் எதிர்ப்பக்கச் சராசரி என்றும் மிகுத்துக் காட்டும். மூன்றே நான்மாவாற் காணும் வட்டப்பரப்பு மிகுத்துக் காட்டும். சரிவோடு ஒட்டிய கயிறு மட்டப்பரப்பினும் மிகுத்துக் காட்டும். புடைத்த எல்லையை நேர்க்கோடுகளால் அடைத்தல் குறைத்துக் காட்டும். பிழையற்ற அளவை உலகில் இல்லை. ஆயின் பிழை எப்பக்கம் சாயும் என்பதை அறிந்தவன் ஏமாற்றப்படான், தானும் பிறரை ஏமாற்றான்.

வெள்ளிமலைப் பகுதியின் கிராம சபைகளும் பள்ளிகளும் கைக்கொள்ளத்தக்க நெறி மூன்று. புலத்தை அளக்கும்போது நான்கு பக்கங்களோடு மூலைவிட்டம் ஒன்றையும் தவறாது அளந்து எழுதுதல் முதலாவது. நீளங்கள் மட்டத்தில் எடுத்தனவா, சரிவில் எடுத்தனவா என்பதைப் படத்தின் அடியிற் குறித்தல் இரண்டாவது. ஒரே புலத்தை இருவழியிற் கணித்து விடைகளை ஒப்பிடுதல் மூன்றாவது. எந்தக் கோலால் அளந்தோம் என்பதைக் கல்லில் வெட்டிவைத்த முன்னோர் வழக்கத்தின் உட்கருத்தும் இதுவே: அளவை மட்டும் கூறின் போதாது, அளந்த முறையையும் கூறல் வேண்டும். வடிவங்களின் பரப்புக் காணும் பாடம் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகக் கற்கப்படுவது மட்டுமன்று. மலையிற் பிறந்த மாணவன் ஒருவன் மாலையில் தன் தந்தையின் கொல்லையில் நாடா பிடித்து நிற்கும்போது, அப்பாடம் அக்குடும்பத்தின் உரிமைக்குக் காவலாகும்.